சிற்றுயிர் செய்த பேருதவி

நெற்குதிரைத் துளைத்து நெல்லைத் தின்பதும், பெட்டியில் மடித்து வைத்த துணியைக் கடித்துக் கந்தலாக்குவதும், இரவெல்லாம் கூரையில் ஓடி உறக்கத்தைக் கெடுப்பதுமே சுண்டெலியின் தொழில் என உலகத்தார் கருதுவர். அதனை விரும்பி வளர்ப்பார் மிகச் சிலர். பொறி வைத்துப் பிடிப்பாரே பலர். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றைப் படிப்போர் அதன் பக்கங்கள் பலவற்றில் இச்சிற்றுயிரின் அடிச்சுவட்டைக் காண்பர். சிறப்பாக, எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் கவர்ந்த குருதிப் புற்றுநோயை மனிதன் வெல்லத் தொடங்கிய வரலாறு, சுண்டெலியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

மனித உடலில் ஓடும் குருதியில் செவ்வணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் என மூவகை அணுக்கள் உள்ளன. செவ்வணுக்கள் உயிர்வளியைச் சுமந்து செல்வன. வெள்ளணுக்கள் உட்புகும் நோய்க்கிருமிகளோடு போரிடுவன. தட்டணுக்கள் காயம்பட்ட இடத்தில் குருதி உறையத் துணைபுரிவன. இவை எலும்பின் உள்ளிருக்கும் மச்சையில் நாள்தோறும் தோன்றி, முதிர்ந்து, தத்தம் தொழிலை ஆற்றி மறைகின்றன. தோற்றமும் மறைவும் அளவோடு நிகழும்வரை உடல் நலமுற்றிருக்கும்.

சிற்சில வேளைகளில், குருதியணுவாக வளர வேண்டிய இளம் அணு ஒன்றன் மரபணுக்களில் பிழை நேர்ந்து விடுகின்றது. அவ்வணு முதிர்ச்சியடையாமலே ஓயாது பெருகத் தொடங்குகின்றது. நாட்டைக் காக்க வேண்டிய படையே கட்டுக்கடங்காமல் பெருகி, களஞ்சியத்தைக் காலி செய்து, காவலையும் கைவிட்டால் அந்நாடு என்னாகும்? நோயுற்ற உடலின் நிலையும் அத்தகையதே. மச்சை முழுவதும் பயனற்ற வெள்ளணுக்கள் நிறைந்து விடுவதால், செவ்வணுக்கள் குறைந்து உடல் வெளிறுகின்றது. தட்டணுக்கள் குறைந்து ஈறுகளிலும் தோலின் அடியிலும் குருதி கசிகின்றது. போரிடும் ஆற்றலுடைய வெள்ளணுக்கள் இன்மையால் சிறு காய்ச்சலும் பெருநோயாகின்றது. இதுவே குருதிப் புற்றுநோய்.

1845ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பவரும், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ருடால்ஃப் விர்ச்சோ என்பவரும் இந்நோயைத் தனித்தனியே ஆராய்ந்து எழுதினர். 1847இல் விர்ச்சோ, 'வெண்குருதி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்கு 'லுகேமியா' எனப் பெயர் சூட்டினார். நோய்க்குப் பெயர் கிடைத்தது. அதனைத் தடுத்து நிறுத்தும் மருந்து கிடைக்கவோ மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

மருந்தைத் தேடிய மருத்துவர்கள் ஓர் இக்கட்டில் நின்றனர். தன்மை அறியாத பொருளை நோயுற்ற குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தல் அறமன்று. ஒன்றும் கொடாமல் அக்குழந்தை இறப்பதைப் பார்த்துக்கொண்டிருத்தலும் அறமன்று. நோய் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு பரவுகின்றது, எந்தப் பொருளுக்கு அடங்குகின்றது என்பவற்றை முதலில் வேறோர் உயிரிடத்துக் கண்டறிந்தாலன்றி மனிதனுக்கு வழி இல்லை. அவ்வுயிர் மனிதனைப் போலப் பாலூட்டியாக இருத்தல் வேண்டும். அதன் குருதியும் மச்சையும் மனிதனுடையவற்றை ஒத்திருத்தல் வேண்டும். சிறிய இடத்தில் வளர்வதாகவும் விரைவில் பெருகுவதாகவும் இருத்தல் வேண்டும். இவையனைத்தும் சுண்டெலியிடம் பொருந்தியிருந்தன. அது மூன்று வாரம் கருவைச் சுமந்து குட்டிகளை ஈனுகின்றது. குட்டிகள் இரண்டு மாதத்திற்குள் தாமே ஈனும் பருவத்தை அடைகின்றன. அதன் வாழ்நாள் இரண்டு அல்லது மூன்று ஆண்டே. ஆகவே மனிதரிடம் நூறாண்டு பார்த்து அறிய வேண்டிய தலைமுறைச் செய்திகளைச் சுண்டெலியிடம் சில ஆண்டுகளில் அறியலாம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து விலகிய ஒரு பெண்மணி ஆவார். அபி லாத்ராப் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிரான்பி என்னும் சிற்றூரில், அவர் கோழி வளர்க்க முயன்று பயன் காணாமல், அழகிய நிறமுடைய சுண்டெலிகளை விளையாட்டாக வளர்ப்போருக்கு விற்கத் தொடங்கினார். ஆராய்ச்சிக் கூடங்களும் அவரிடம் எலிகளை வாங்கின. அவர் வெறும் வணிகராக இருந்திருந்தால் வரலாறு அவரை மறந்திருக்கும். எந்த எலி எந்த எலிக்குப் பிறந்தது, எது எந்நோயால் இறந்தது என்பவற்றையெல்லாம் ஏட்டில் ஒழுங்காகக் குறித்து வந்தார். சில எலிகளின் தோலில் கட்டிகள் தோன்றக் கண்டு, அவற்றை லியோ லோப் என்னும் மருத்துவ அறிஞருக்கு அனுப்பினார். அவை புற்றுநோய்க் கட்டிகள் என அவர் தெரிவித்தார். பின்னர் இருவரும் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல வெளியிட்டனர். சில குடிவழி எலிகளுக்கு இந்நோய் மிகுதியாகவும் சிலவற்றுக்கு அரிதாகவும் வருவதை அவ்வேடுகள் காட்டின. கண்ணுக்கெதிரே நிகழ்வதைக் கருத்துடன் நோக்கி, நோக்கியதைத் தவறாமல் எழுதி வைத்தலே அறிவியலின் முதற்படி என்பதற்கு அப்பெண்மணி சான்றாவார். அவர் 1918இல் மறைந்தார்.

அவருக்குப் பின் இத்துறையைப் பெருக்கியவர் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பவர். 1909ஆம் ஆண்டில், மாணவராயிருந்தபோதே, அவர் ஒரு புதிய முயற்சியில் இறங்கினார். ஒரு மருந்தைப் பத்து எலிகளுக்குக் கொடுத்து, ஐந்து பிழைத்து ஐந்து இறந்தால், அவ்வேறுபாடு மருந்தால் வந்ததா, எலிகளின் பிறப்பால் வந்ததா எனக் கூற இயலாது. எலிகள் யாவும் ஒரே தன்மையுடையனவாக இருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. ஆதலால் அவர் ஓரீற்றுக் குட்டிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வளர்த்தார். இவ்வாறு இருபது தலைமுறை கடந்தால், இரட்டைப் பிள்ளைகளைப் போல அனைத்தும் ஏறக்குறைய ஒரே மரபணுக்களை உடையனவாகின்றன. இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் கருநிறச் சுண்டெலி இனம், லாத்ராப் அம்மையாரின் 57ஆம் எண்ணுள்ள பெண்ணெலியின் வழிவந்ததாகும்.

லிட்டில் 1929இல் மெயின் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். 1947ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அப்பகுதியில் மூண்ட காட்டுத்தீ அக்கூடத்தையும் பற்றியது. பல்லாயிரம் எலிகள் மாண்டன. பல ஆண்டு உழைப்பு ஒரு நாளில் சாம்பலாயிற்று. ஆயினும், முன்னர் அக்கூடத்திலிருந்து எலிகளைப் பெற்றுச் சென்றிருந்த அறிஞர்கள், அவற்றின் வழிவந்த எலிகளைப் பல இடங்களிலிருந்தும் திருப்பி அனுப்பினர். கொடுத்த பொருள் கொடுத்தவரையே காத்தது. அறிவைப் பூட்டி வைப்பதனால் அன்று, பகிர்ந்தளிப்பதனாலேயே அது அழியாமல் நிற்கும் என்பதை அந்நிகழ்ச்சி விளக்குகின்றது.

அக்காலத்திலேயே குருதிப் புற்றுநோய் தானாகத் தோன்றும் ஓர் எலியினத்தை ஜேக்கப் ஃபர்த் என்னும் அறிஞர் உருவாக்கியிருந்தார். அவ்வினத்தில் பிறந்தவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டு நிறையும் முன்பே அந்நோய்க்கு இரையாகும். அந்நோய்க்குக் காரணம் யாது? அதனை அறிய முனைந்தார் லுட்விக் கிராஸ். போலந்து நாட்டிற் பிறந்த அவர், ஹிட்லரின் படையெடுப்பிற்குத் தப்பி அமெரிக்காவிற் குடியேறியவர். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலுள்ள முன்னாட் படைவீரர் மருத்துவமனையில் சிறியதோர் இடத்தில் அவர் ஆராய்ச்சி நடத்தினார். நோயுற்ற எலியின் உடற்பகுதியை அரைத்து, அணுக்கள் ஒன்றும் தங்காதவாறு வடிகட்டி, அந்நீரை நலமுள்ள வேறின எலிகளுக்குச் செலுத்தினார். ஆண்டுகள் சென்றன, எலிகளோ நலமாகவே இருந்தன. காக்ஸாக்கி என்னும் நச்சுயிரி பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளைத்தான் தாக்கும் என்பதை அவர் ஒரு சொற்பொழிவிற் கேட்டார். உடனே, பிறந்து ஒரு நாளும் நிரம்பாத குட்டிகளுக்கு அந்நீரைச் செலுத்தினார். அவற்றுக்குக் குருதிப் புற்றுநோய் கண்டது. 1951இல் அவர் இதனை வெளியிட்டபோது நம்பினோர் சிலரே. பின்னர்ப் பிறரும் செய்து பார்த்து உண்மை எனக் கண்டனர். எலிகளின் குருதிப் புற்றை ஒரு நச்சுயிரி உண்டாக்க இயலும் என்பது நிலைபெற்றது. மனிதரிடம் தோன்றும் குருதிப் புற்றுவகைகளுள் மிகப் பெரும்பாலானவை நச்சுயிரியால் வருவன அல்ல என்பதையும், 1980இல் கண்டறியப்பட்ட ஒரு நச்சுயிரி அரிதான ஒரு வகையை மட்டும் உண்டாக்குகின்றது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மருந்தைத் தேடிய முயற்சியில் சென்னையோடு தொடர்புடைய ஒருவரின் பெயர் முன்னிற்கின்றது. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரே அவர். அவர் தலைமையில் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தார் ஃபோலிக அமிலம் என்னும் உயிர்ச்சத்தையும், அதனைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் ஆக்கினர். அணுக்கள் பெருக அவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. ஆதலால் அதனைத் தடுத்தால் பெருக்கம் நிற்கும் எனப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் எண்ணினார். சுப்பாராவ் குழுவினர் அனுப்பிய அமினாப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில், 10 குழந்தைகளிடம் நோய் தணிந்தது. எழுந்து நிற்க இயலாத குழந்தைகள் நடந்தனர், விளையாடினர். 1948ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. மருந்து இம்முறை பயன்படவில்லை. மறைந்துபோன நோய் எங்கிருந்து மீண்டது? இவ்வினாவிற்கு விடை தந்தது சுண்டெலியே.

1948இல் அமெரிக்க நாட்டின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் லாயிட் லா என்பவரும் அவர் தோழரும் ஒரு சுண்டெலியிடமிருந்து ஒருவகைக் குருதிப் புற்றணுவைப் பெற்றனர். அதற்கு எல்-1210 எனக் குறியீடு இட்டனர். அவ்வணுக்களை ஓர் எலியிலிருந்து அதே இனத்து மற்றோர் எலிக்கு மாற்றி மாற்றி நெடுங்காலம் வளர்த்தனர். அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் ஹவார்ட் ஸ்கிப்பர் என்பவர் இவ்வெலிகளைக் கொண்டு ஒரு கணக்கைக் கண்டறிந்தார். அணுக்களை எண்ணி எலிகளுக்குச் செலுத்தி, ஒவ்வொன்றும் எத்தனை நாள் வாழ்கின்றது எனக் கணித்தார். ஒரே ஒரு புற்றணுவைச் செலுத்தினாலும் எலி இறக்கக் கூடும் என அவர் கண்டார். அவ்வணு ஏறக்குறைய அரைநாளுக்கு ஒரு முறை இரட்டிக்கின்றது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, இவ்வாறு 30 முறை இரட்டித்தால் தொகை நூறு கோடியைத் தாண்டுகின்றது. அவ்வளவிற்கு எலி தாங்காது. ஆகவே ஒரே அணு பதினைந்து நாளில் ஓருயிரைக் குடிக்கின்றது.

இரண்டாவது உண்மை இதனினும் வியப்பானது. குறிப்பிட்ட அளவு மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை அணுக்களைக் கொல்வதன்று; எத்தனை அணுக்கள் இருப்பினும் அவற்றுள் குறிப்பிட்ட விழுக்காட்டையே கொல்கின்றது. ஒரு முறை கொடுத்த மருந்து ஆயிரத்துக்கு 999 அணுக்களைக் கொல்லும் எனக் கொள்வோம். உடலில் பத்து இலட்சம் அணுக்கள் இருப்பின், முதல் முறையில் ஆயிரம் எஞ்சும். இரண்டாம் முறையில் ஒன்று எஞ்சும். அந்த ஒன்றே மீண்டும் பெருகப் போதும். நுண்ணோக்கியில் ஒரு புற்றணுவும் தென்படாத குழந்தையின் உடலிலும் பல கோடி அணுக்கள் மறைந்திருக்கலாம் என்பது இதனால் விளங்கிற்று. கண்ணுக்குத் தெரியாமற் போன பகை அழிந்த பகை ஆகாது. ஆதலின் நோய் மறைந்த பின்னும் மருத்துவத்தை நிறுத்தலாகாது.

ஒரு மருந்துக்கு அடங்காத அணு மற்றொரு மருந்துக்கு அடங்கும் என்பதும் எலிகளிடம் காணப்பட்டது. இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பயன் மிகுதல் கூடும் என்பதை லா 1952இல் எலிகளைக் கொண்டு காட்டினார். சேர்ப்பதற்கேற்ற புதிய மருந்துகளும் எலிகளின் வழியாகவே கிடைத்தன. நம் வீட்டு வேலியோரங்களிலும் தோட்டங்களிலும் ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியை யாவரும் அறிவர். அது நீரிழிவைத் தணிக்கும் என்னும் நாட்டு வழக்கைக் கேட்டுக் கனடா நாட்டு அறிஞர்கள் அதனை ஆராய்ந்தனர். நீரிழிவுக்கு அது பயன்படவில்லை; ஆயின், அதன் சாற்றைச் செலுத்திய எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அமெரிக்காவில் லில்லி நிறுவனத்து ஆராய்ச்சியாளர், குருதிப் புற்றுடைய சுண்டெலிகள் அச்செடியின் சாற்றால் நெடுநாள் வாழ்வதைக் கண்டனர். அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்து 1963இல் வழக்கிற்கு வந்தது. ஜான் கிட் என்பவர் 1953இல், கினிப் பன்றியின் குருதிநீரைச் செலுத்தியபோது எலிகளின் புற்றுக்கட்டிகள் கரைவதைக் கண்டார். அக்குருதிநீரிலுள்ள அஸ்பராஜினேஸ் என்னும் நொதியே காரணம் என ஜான் புரூம் பின்னர்த் தெளிவித்தார். புற்றணுக்கள் தாமே ஆக்கிக்கொள்ள இயலாத ஓர் உணவுப்பொருளை அந்நொதி குருதியிலிருந்து நீக்குகின்றது. அணுக்கள் பட்டினியால் மடிகின்றன. இவ்விரு மருந்துகளும் இன்றும் குழந்தைகளைக் காத்து வருகின்றன.

எலிகள் கற்பித்த இக்கணக்கை மனதிற்கொண்டு, எமில் ஃபிரை, எமில் ஃப்ரைரைக் என்னும் மருத்துவர்கள் 1960களின் தொடக்கத்தில் நான்கு மருந்துகளை ஒருங்கே குழந்தைகளுக்குக் கொடுக்கத் துணிந்தனர். மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் அம்முறையை மேலும் திருத்தி, மூளையைச் சூழ மறைந்திருக்கும் அணுக்களையும் அழிக்க வழிசெய்தார். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் குருதிப் புற்றுவகையினர் ஏறக்குறையப் பாதிப்பேர் நோய் நீங்கி வாழும் நிலை ஏற்பட்டது. இந்நாளில் நல்ல மருத்துவ வசதி எட்டும் நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர்.

சுண்டெலியின் நோயைக் கண்டு மனிதனின் நோயை அறிந்தது ஒரு காலம். மனிதனின் நோயையே சுண்டெலியின் உடலில் வளர்த்து ஆராய்வது அடுத்த காலம். 1983இல் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஆராய்ச்சியாளர், பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் அற்ற ஒரு சுண்டெலியைக் கண்டனர். வேற்றுடலின் அணுக்களை விரட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலால் மனிதனின் குருதிப் புற்றணுக்கள் அதன் மச்சையில் தங்கி வளர்ந்தன. டொரான்டோ நகரில் ஜான் டிக் என்பவரும் அவர் குழுவினரும் 1994இல் இம்முறையால் அரியதோர் உண்மையைக் கண்டனர். ஒரு வகைக் குருதிப் புற்றில், இரண்டரை இலட்சம் அணுக்களுள் ஒன்று என்னும் அளவினதான சிறு கூட்டமே நோயைப் புதிதாகத் தொடங்கவல்லது. வயலிலே கோரையின் தலையை மட்டும் அறுத்தெறிந்தால், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து அது மீண்டும் முளைக்கும் என்பதை உழவர் அறிவர். அவ்வாறே, வேர் போன்ற அச்சிறு கூட்டத்தை அழிக்காத மருத்துவம் முற்றுப்பெற்றதாகாது.

மரபணுப் பிழையை எலியிடத்து வேண்டுமென்றே அமைத்து ஆராயும் முறையும் வளர்ந்தது. அதன் சிறப்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குருதிப் புற்றில் ஒரு வகை உண்டு. அதில் 15ஆம் நிறப்புரியும் 17ஆம் நிறப்புரியும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இரு மரபணுக்கள் ஒட்டிப் பழுதுறுகின்றன. கட்டுக்கடங்காத குருதிப்போக்கால் நோயாளியை விரைவிற் கொல்லும் கொடிய வகை அது. சீன நாட்டு அறிஞர்கள் இதற்கு இரு மருந்துகளைக் கண்டனர். ஒன்று, ஷாங்காய் நகரில் வாங் சென்யி குழுவினர் 1988இல் வெளியிட்டது. அது வைட்டமின் ஏ-இன் உறவுப் பொருள். மற்றொன்று, ஹார்பின் நகரில் 1970களில் கையாளப்பட்டது. அது வெள்ளைப் பாடாணம் என நம்மவர் கூறும் ஆர்செனிக் நஞ்சு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கண்ணாடிக் குழாயில் வளர்த்த அணுக்களைக் கொண்டு செய்த சோதனைகள் ஒரு முடிவுக்கு வரத் துணைசெய்யவில்லை.

அதே பழுதுற்ற மரபணுவைச் சுமக்கும் சுண்டெலிகளை 1990களில் அறிஞர்கள் உருவாக்கினர். பிரான்சு நாட்டில் ஹூக் த தே குழுவினர், அவ்வெலிகளின் புற்றணுக்களைப் பெற்ற எலிகளுக்கு இம்மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். தனித்தனியே கொடுத்தபோது எலிகளின் வாழ்நாள் இரண்டு மூன்று மடங்கு நீண்டதே ஒழிய நோய் நீங்கவில்லை. சேர்த்துக் கொடுத்தபோது நோய் மறைந்தது. ஒன்பது மாதம் கடந்தும் திரும்பவில்லை. பின்னர் மருத்துவர்கள் மனிதருக்கும் அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தனர். இத்தாலி, ஜெர்மனி நாடுகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. நோய் மிகக் கடுமையாகாத நோயாளிகளுள், இவ்விரு மருந்தை மட்டும் பெற்றோரில் 97 விழுக்காட்டினர் இரண்டாண்டு கழித்தும் நோய் மீளாமல் நலமுற்றிருந்தனர். பழைய கடுமருந்தோடு கூடிய மருத்துவம் பெற்றோரில் அத்தொகை 86 விழுக்காடு. மிகக் கொடியது எனப்பட்ட நோய், எளிதிற் குணமாகும் நோய்களுள் ஒன்றாயிற்று.

எலியிற் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிக்கும் எனக் கருதுதல் பிழை. எலியைக் குணமாக்கிய மருந்துகள் பல மனிதரிடம் தோற்றன. எலியின் உடல் சிறிது; அது மருந்தைச் செரிக்கும் முறை வேறு; கூண்டில் ஒரே உணவுண்டு வாழும் எலிக்கும், பலவகை வாழ்க்கை வாழும் மனிதனுக்கும் இடையே வேற்றுமை மிகுதி. ஆதலால் சுண்டெலி தருவது வழிகாட்டும் குறிப்பே. முடிந்த முடிபு அன்று. கைகாட்டி மரம் ஊருக்கு வழியைக் காட்டும். அதுவே ஊராகி விடாது. எலிக்குப் பின்னரும், இசைந்து முன்வரும் நோயாளிகளிடம் படிப்படியாகச் சோதித்த பின்னரே ஒரு மருந்து வழக்கிற்கு வருகின்றது.

இன்னும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. ஓருயிரைக் காக்க மற்றோர் உயிரை வருத்துதல் தகுமோ? எவ்வுயிரையும் கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றிய நாட்டில் பிறந்தோர் இவ்வினாவை எழுப்பாமல் இருத்தல் இயலாது, எழுப்புதலே முறை. எலிக்கும் நோவு உண்டு, அச்சம் உண்டு. அதனை மறந்து ஆராய்வோன் அறிஞன் ஆகான். இங்கிலாந்து நாட்டு ரசல், பர்ச் என்னும் இருவர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர். உயிரில்லாத வேறு வழியால் அறியக் கூடியதை உயிரைக் கொண்டு அறிய முயலாதிருத்தல் ஒன்று. வேண்டிய அளவினும் ஓர் எலியையும் மிகுதியாகப் பயன்படுத்தாதிருத்தல் மற்றொன்று. பயன்படுத்தும் எலிக்கு நோவு நேராமற் காத்தல் மூன்றாவது. நம் நாட்டில் 1960இல் இயற்றப்பட்ட விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், கூடுமானவரை விலங்குச் சோதனையைத் தவிர்க்குமாறும், செய்ய நேரின் நோவறியா மருந்து கொடுத்துப் பரிவுடன் செய்யுமாறும் விதிக்கின்றது. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் அணுக்களும் கணிப்பொறியும் சில சோதனைகளில் எலியின் இடத்தைப் பெற்று வருகின்றன. எலியே வேண்டாத நாள் வருமாயின் அது அறிவியலுக்குப் புகழே அன்றி இழிவு ஆகாது. அந்நாள் முழுமையாக வரும்வரை, நோயுற்ற குழந்தையின் துன்பமும் கூண்டிலுள்ள சிற்றுயிரின் துன்பமும் ஆகிய இரண்டையும் ஒருசேர நெஞ்சிற் சுமந்து நடத்தலே ஆராய்ச்சியாளன் கடமை.

ரஷ்ய நாட்டின் நோவசிபிர்ஸ்க் நகரில், மரபணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றன் அருகே 2013ஆம் ஆண்டில் ஒரு சிலை நிறுவப்பட்டது. படைத்தலைவர்க்கோ பாவலர்க்கோ எடுத்த சிலை அன்று அது. மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு சுண்டெலி, மூதாட்டி போல அமர்ந்து, ஊசிகளைக் கொண்டு மரபணு இழையைப் பின்னுவதாக அச்சிலை அமைந்துள்ளது. பெயரும் புகழும் அறியாமல் மாண்ட எலிகளுக்கு மனிதன் செலுத்திய நன்றி அது. எனினும், அவற்றுக்கு உரிய உண்மையான நினைவுச் சின்னம் கல்லிலும் உலோகத்திலும் இல்லை. ஒரு காலத்தில் இறப்பையே எதிர்நோக்கிக் கிடந்து, இன்று நோய் நீங்கிப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் காலடி ஓசையிலே அது கேட்கின்றது.